ஐந்து விடை, ஒரு சேவல்: முதன்முதலாகக் கோழி வளர்ப்பவருக்கு

கேள்வி இதுதான்: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பழைய வீடு. பின்கட்டைத் தாண்டி ஐந்து சென்ட் தோட்டம் சும்மா கிடக்கிறது. வீட்டுக்கு முட்டை ஆகுமே என்று பத்துக் கோழி வாங்க நினைக்கிறார்கள். கீரி பிடித்துவிடும், பருந்து தூக்கிவிடும், சீக்கு வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்களாம். எதற்குப் பயப்பட வேண்டும், பலன் ஏதும் உண்டா?

பயமுறுத்தியவர்கள் சொன்னதில் பொய் இல்லை, வரிசைதான் தப்பு. பருந்து ஒரு குஞ்சைத் தூக்கும். கீரி ஓர் இரவில் இரண்டு மூன்றைக் கடித்துப் போடும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் மொத்தக் கூட்டமும் போய்விடும். ஆனால் ஊரில் வலையும் வேலியும் போடச் செலவழிக்கிறவர்களில் பாதிப்பேர் தடுப்பு மருந்துக்கு ஒரு நடை நடப்பதில்லை. முதல் கவலை வெள்ளைக்கழிச்சல், இரண்டாவது குஞ்சின் முதல் ஒரு மாதம், மூன்றாவது ராத்திரிக் கதவு. பருந்தைக் கடைசியில் வையுங்கள்.

பத்து வேண்டாம். ஐந்து விடை (முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைக்கோழி), ஒரு சேவல் போதும். ஒரு சேவல் எட்டுப் பத்துப் பெட்டைக்குத் தாங்கும், ஆகவே அடுத்த ஆண்டு பெருக்கிக்கொள்ளலாம். குஞ்சு பொரிக்கிற எண்ணமே இல்லை, முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அடை வைத்தால் பொரிக்காது, அவ்வளவுதான். நாலு மணிக்கே கூவுகிறது என்று பக்கத்து வீட்டு ஆச்சி குறைப்படுவதும் மிச்சம்.

ஒருநாள் குஞ்சாக வாங்கி ஆரம்பிக்காதீர்கள். பல்பு, சூடு, தீவனம் என்று பழகாத கைக்கு அது பெரிய வேலை. மூன்றரை, நான்கு மாத விடைக்கோழியாக, கூடுமானால் தெரிந்த ஒரே வீட்டில் வாங்குங்கள். கண் பளிச்சென்று, மூக்குத் துவாரம் காய்ந்து, பின்பக்க இறகு எச்சம் ஒட்டாமல் சுத்தமாக இருக்க வேண்டும். மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனை போலக் கையில் குத்தினால் உடம்பில் சதை இல்லை, புழுவோ பழைய சீக்கோ உள்ளே இருக்கிறது. சந்தையில் நான்கு ஊர்க் கோழி ஒரே கூடையில் கிடக்கும். அங்கே வாங்கினால் நோயையும் சேர்த்து வாங்கி வருவதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே வாங்கினாலும் தோட்டத்தின் மறுகோடியில் தனித் தண்ணீர், தனித் தட்டோடு 21 நாள் வைத்திருந்துதான் பழைய கோழிகளோடு சேர்க்க வேண்டும். உறவுக்காரர் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்த சேவலுக்கும் இதே சட்டம்தான். அதைத்தான் மனிதர்கள் மறந்துபோகிறார்கள்.

ஆரம்பிக்க நல்ல மாதம் தை, மாசி. மழைக்காலச் சளி ஓய்ந்திருக்கும், அக்கினி வெயில் இன்னும் வந்திருக்காது. கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமும் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் வரும்.

இனி அந்தக் கழிச்சலுக்கு வருவோம். வெள்ளைக்கழிச்சலுக்கு இராணிக்கெட் நோய் என்றும் பெயர். இராணிக்கெட் என்பது இமயமலைப் பக்கத்து ஊர். 1920களின் கடைசியில் இந்தியாவில் அங்கே கண்டறியப்பட்டதால் நோய்க்கும் அந்தப் பெயர் வந்தது. வைரஸ் நோய். கோழி தலையைத் தொங்கப் போட்டு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்க் கழியும். மூச்சு விடும்போது கர்ர் என்று சத்தம் வரும். தப்பிப் பிழைத்தாலும் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும், சிலவற்றுக்குக் கால் விளங்காமல் போகும். வந்தபின் மருந்து கிடையாது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் வழக்கம். நோயில் கிடக்கும் கோழிக்கு அது கொஞ்சம் தெம்பு தரலாம், தடுப்பு மருந்தின் வேலையைச் செய்யாது.

தடுப்பு மருந்துக் கணக்கு இப்படி: குஞ்சுக்கு 5 முதல் 7ஆம் நாளுக்குள் லசோட்டா அல்லது எஃப் மருந்து (இரண்டும் வெள்ளைக்கழிச்சலுக்கானவை), கண்ணில் ஒரு சொட்டு. 28ஆம் நாள் வாக்கில் மறுபடி லசோட்டா. ஆறாவது வாரம் அம்மைத் தடுப்பு. எட்டு வாரம் கடந்தபின் அதே கழிச்சலுக்கான ஆர்டூபி ஊசி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆர்டூபி வீரியம் கூடிய மருந்து. எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போட்டால் மருந்தே நோயாக மாறும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். புழு நிறைந்த உடம்பில் எதிர்ப்புச் சக்தி சரியாக ஏறாது. ஊசி போட்ட இரண்டு நாள் கோழி மந்தமாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஏற்கெனவே சீக்காக நிற்கிற கோழிக்கு மட்டும் போடக் கூடாது.

போட்டும் செத்துவிட்டது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஐஸ் இல்லாமல் மருந்தைக் கொண்டுவருவதுதான். உறைநிலையில் உலர்த்திய மருந்து அது. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். தேவகோட்டையில் வாங்கி, சட்டைப் பையில் போட்டு, மதிய பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தால் குப்பிக்குள் இருப்பது வெறும் தூள். தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள். கூடவே கொடுக்கும் கரைப்பானில் கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை நாளைக்கு என்று வைக்கக் கூடாது. வெயில் ஏறுமுன் காலையிலேயே போடுங்கள். குஞ்சை உள்ளங்கையில் பக்கவாட்டாகச் சாய்த்து, கட்டைவிரலால் தலையை மெதுவாக நிறுத்தி, மேலிருக்கும் கண்ணில் ஒரு சொட்டு விடுங்கள். குஞ்சு கண்ணை மூடித் திறந்து, சொட்டு உள்ளே இறங்குவது தெரியும். அதுவரை கையை எடுக்காதீர்கள். கன்னத்தில் வழிந்துவிட்டால் போட்ட கணக்கில் வராது, இன்னொரு சொட்டு விடுங்கள்.

குப்பி நூறு, இருநூறு கோழிக்கானது, உங்களிடம் இருப்பது ஏழு குஞ்சு. இந்த இடத்தில்தான் சின்ன வளர்ப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போடுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாமல் உங்கள் கோழிக்கு மட்டும் போட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. அரசுக் கால்நடை மருந்தகத்தில் கோழிக்குத் தடுப்பு மருந்து போடும் கிழமை எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி வகுப்புகளும் விசாரிக்கலாம்.

செத்த கோழியைக் கண்மாய்க் கரையில் வீசுவது பாவம் என்பதைவிட மடத்தனம். நாய் இழுத்து வந்து உங்கள் வாசலிலேயே போடும். இரண்டடிக் குழி, மேலே சுண்ணாம்பு, அதன்மேல் மண். காரணம் தெரியாமல் ஒரே நாளில் பல கோழி சாய்ந்தால் கையால் தொடாமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கூண்டு. நாட்டுக்கோழிக்கு ராத்திரி அடைய ஒன்றுக்கு இரண்டு சதுர அடி போதும், ஆகவே ஐந்துக்கு நான்கு அடிக் கூண்டு பத்துக் கோழி வரை தாங்கும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் வைத்து, நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது வெயில் குறுகிய பக்கத்தில்தான் அடிக்கும். கூரைக்கு நாட்டு ஓடோ ஓலையோ போடுங்கள். தகரம்தான் கிடைத்தது என்றால் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்துவிடுங்கள். கம்பி வலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். இரண்டு அங்குலக் கண்ணுள்ள வேலி வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே வைக்காது. அரை அங்குல வெல்டு மெஷ் வேண்டும். கூண்டைத் தரையில்தான் வைக்க முடியும் என்றால் சுற்றிலும் ஓரடி ஆழத்துக்குச் செம்புறாங்கல் ஒரு வரிசை புதைத்துவிடுங்கள், தோண்டி வருவது நிற்கும்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு தொல்லை மரநாய். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் ஓட்டுக்கடியில் குடியிருந்துகொண்டு ராத்திரியில் இறங்கி வரும். மேலிருந்துதான் வரும் என்பதால் கூண்டின் மேற்பக்கமும் மூடியிருக்க வேண்டும். கொக்கி மட்டும் உள்ள கதவு போதாது, குறுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். பொழுது சாய்ந்ததும் கோழி தானாக அடையும். நீங்கள் செய்ய வேண்டியது எண்ணிப் பார்த்துத் தாழ் போடுவது மட்டும். பகலில் கீரியைவிடத் தெருநாய்தான் அதிகம் அழிக்கும்.

குஞ்சுக்குப் பருந்தைவிடக் காகம் மோசம். முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி வையுங்கள். தொண்டிக் கரையில் கழித்துப் போட்ட பழைய மீன்வலை கிடைத்தால் தோட்டத்தில் பத்துக்குப் பத்து அடிக்கு மேலே கட்டிவிடுங்கள். காகம் ஒருமுறை சிறகு சிக்கித் தப்பினால் அந்தப் பக்கம் லேசில் வராது.

தீவனத்துக்கு வருவோம். மேய்ந்து வரும் கோழிக்கு நாளைக்கு 50 கிராம் கையால் போட்டால் போதும். பாதியைக் காலையிலும் மீதியை அடையும் முன்பும் போடுங்கள். சாயங்காலத் தீனிக்குப் பழகிய கோழி ஊர் சுற்றப் போனாலும் நேரத்துக்கு வீடு திரும்பும். பத்து கிலோ கலக்க: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கம்பு அல்லது அரிசிக் குருணை 2, தவிடு ஒன்றரை, கடலைப் பிண்ணாக்கு ஒன்றரை, கருவாட்டுத் தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். கருவாடு உப்புப் போடாததாக இருக்க வேண்டும், உப்பு கூடினால் கோழி தாங்காது. பிண்ணாக்கில் பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ பூஞ்சை தெரிந்தால் கொட்டிவிடுங்கள், அந்த நஞ்சு ஈரலைத் தின்னும். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சலைப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். வடித்த சோறு மட்டும் போட்டு வளர்த்தால் உடம்பில் கொழுப்பு ஏறி முட்டை நின்றுவிடும். தீவனத்தைத் தகர டின்னில் மூடி வைக்காவிட்டால் எலி வரும், எலியைத் தேடிச் சாரையும் நல்லபாம்பும் வரும். கோழி வைத்தால் பாம்பு வரும் என்று சொல்வதில் உண்மை பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்தச் செம்மண் பூமி காசில்லாமல் தருகிற தீவனம் ஒன்று இருக்கிறது, கரையான். வாய் அகன்ற பழைய மண்பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, பழைய ஓலை, மட்டை என்று திணித்து, கை நனையும் அளவுக்குத் தண்ணீர் தெளியுங்கள். சாயங்காலம் கரையான் புற்றோ தடமோ உள்ள இடத்தில் மண்ணை லேசாகக் கீறிவிட்டு, பானையைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் எடுத்து, குஞ்சுகள் நடுவே சாக்கை உதறினால் ஒரு நிமிடத்தில் தரை சுத்தமாகிவிடும். பானை வைக்கும் இடம் வீட்டு நிலைக்கதவிலிருந்து தூரமாக இருக்கட்டும். பர்மாத் தேக்குக்குக் கரையானை நாமே வழிகாட்டி அழைத்து வரக் கூடாது.

முட்டையிட மூலையில் ஓரடிக் கூடையோ சாய்த்த பானையோ வைக்கோல் போட்டு வையுங்கள், நான்கு கோழிக்கு ஒன்று. காலை பத்து மணி வரை வெளியே விடாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் இட்டுவிடும். இல்லாவிட்டால் சீமைக்கருவேல் புதருக்குள் இட்டுவைத்து, இருபது நாள் காணாமல் போய்க் குஞ்சோடு வரும், அல்லது வராமலே போகும்.

அடை வைப்பதுதான் இந்த வளர்ப்பின் ருசியான பகுதி. நாட்டுக்கோழி 12, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். கிட்டப் போனால் உடம்பை உப்பிக் கொக் கொக் என்று சீறும். முட்டையை இட்ட தேதியைப் பென்சிலால் எழுதி, கூர்முனை கீழாக, ஈரமணல் போட்ட பானையின் மேல் துணி விரித்து அதில் வைத்திருங்கள். சாதாரண நாளில் ஒரு வார முட்டை வரை வைக்கலாம், சித்திரை வைகாசியில் மூன்று நாலு நாள்தான். அந்த வெயிலில் கோழி உட்காராமலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். கூமுட்டை ஆவதற்கு இது பெரிய காரணம். இடி விழுந்தால் கூமுட்டை ஆகும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் வற்றல் மிளகாயும் வைப்பார்கள். வைத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. பழைய முட்டையை வைக்காமல் இருந்தால் போதும்.

அகலமான கூடையில் மூன்று அங்குலம் மணலும் சாம்பலும், மேலே வைக்கோல், இடையில் நொச்சி இலை. நொச்சி போடுவது பேனுக்காக. முட்டை 10, பெரிய கோழியானால் 12. அதற்குமேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. தினம் ஒருமுறை கோழி இறங்கித் தின்று குடித்து எச்சமிட்டு 15, 20 நிமிடத்தில் திரும்ப வேண்டும். இறங்காத கோழியை நீங்களே தூக்கி இறக்கிவிடுங்கள். ஏழாம் நாள் ராத்திரி, அட்டையில் முட்டையைவிடச் சிறிதாக ஓட்டை போட்டு, பின்னால் செல்போன் டார்ச்சை வைத்து முட்டையின் அகன்ற முனையைப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் போலச் சிவப்பு நரம்புகள் ஓடினால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தால் கரு கட்டவில்லை. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

21ஆம் நாள் ஓடு கொத்தும். கை அரித்தாலும் உரித்துவிடாதீர்கள். உள்சவ்வில் ரத்த ஓட்டம் வற்றும் முன் உரித்தால் குஞ்சு ரத்தம் போய்ச் சாகும். அன்றைக்கு எதிரி எறும்புதான். பொரிக்கிற ஈர வாசனைக்குக் கூட்டமாக வரும். கூடையை முக்காலியில் வைத்து, முக்காலிக் கால்களைத் தண்ணீர் நிரம்பிய கொட்டாங்குச்சிகளில் நிறுத்துங்கள். பொரித்த குஞ்சுக்கு முதல் ஒரு நாள் வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவே தீனி. பிறகு கடையில் விற்கும் குஞ்சுத் தீவனமே நல்லது. வெறும் குருணையில் புரதம் போதாமல் இறகு முளைப்பது தள்ளிப்போகும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், உள்ளே கூழாங்கல் போட்டு இருக்கட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை எச்சத்தில் ரத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். ஈரத் தரையில் வரும் ரத்தக் கழிச்சல் அது. இதற்கு மருந்து உண்டு, அன்றே மருத்துவரிடம் போனால் காப்பாற்றலாம்.

அக்கினி நட்சத்திரத்தில் கோழி வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து நிற்கும். அப்போது முட்டை ஓடு மெலிவதற்குக் காரணம் தீவனம் இல்லை. மூச்சிரைப்பில் கரியமில வாயு அதிகம் வெளியேறி, ஓடு கட்டத் தேவையான பொருள் ரத்தத்தில் குறைந்துவிடுகிறது. மண்சட்டியில் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள், நடுப்பகலில் தீனி போடாதீர்கள். சாய்ந்து விழுந்த கோழியை நிழலில் காலளவு தண்ணீரில் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை வேறு. கொசு பெருகி அம்மை வரும், கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மருவாகப் பொருக்குக் கட்டும். வேப்பிலை மஞ்சள் பூசி, கண்ணைத் துடைத்துவிட்டால் மூன்று வாரத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வாய்க்குள் வந்தால்தான் ஆபத்து. கூண்டுக்கு முன் குந்தி, கோழி நிற்கும் உயரத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் எச்சம் சேர்ந்துவிட்டது, சளி அடுத்து வரும்.

பலன்? முட்டையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முட்டை இட்டாலே நல்ல கோழி. ஐந்துக்கு 300, மாதம் 25. ஆறு கோழி தின்பது மாதம் 9 கிலோ. அத்தனையும் விலை கொடுத்து வாங்கினால் கடை முட்டைதான் மலிவு. முட்டைதான் வேண்டும் என்றால் கிராமப்பிரியா போன்ற இனம் 200 வரை இடும், ஆனால் அடை உட்காராது, கைத்தீனியும் கூடுதலாகக் கேட்கும். நாட்டுக்கோழியில் காசு வருவது குஞ்சில். பத்து வைத்தால் எட்டுப் பொரிக்கும், மருந்து போட்டு வளர்த்தால் ஆறு தேறும். இரண்டு கோழி ஆண்டுக்கு இரண்டு தடவை உட்கார்ந்தால் 24 உருப்படி. அதில் பாதி சேவலாக இருக்கும். மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடவும், ஆடியில் கருப்பருக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தவும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும்போது விலையைச் சேவல் வைத்திருப்பவர்தான் சொல்வார். ஐந்தாறு மாதச் சேவல் அந்த நேரத்துக்கு எடைக்கு வருமாறு அடை வைக்கும் மாதத்தைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். எச்சத்தை மூன்று மாதம் மட்கவிட்டுத் தென்னைக்கும் முருங்கைக்கும் போடலாம், பச்சையாகப் போட்டால் வேர் கருகும். கீரைப் பாத்தி வைத்திருந்தால் வேலி கட்டுங்கள், கோழிக்கு முளை என்றால் உயிர்.

முட்டையின் வெள்ளைக்கருவைச் சுண்ணாம்பில் கலந்து சுவர் பூசிய ஊர் இது. அந்தக் காலத்துக் கணக்கில் இப்போது முட்டை எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் வாங்கும் விடை ஆறு மாத வயது வாக்கில் முதல் முட்டை இடும். வழக்கமான முட்டையைவிடச் சிறிதாக, சில நேரம் ரத்தக் கீற்றோடு இருக்கும், அது சீக்கு இல்லை. முதல் ஈட்டு முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள், குஞ்சு சிறுத்துப் பிறக்கும். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுக் கலக்கி ஊற்றிவிடுங்கள்.